கயிறு இல்லாத மணிக்கட்டு

'பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்' என்பது மாலை வகுப்பில் ஆதித்தன் சார் அன்று கொடுத்த தலைப்பு. அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்கு எழுதிப் பழக வேண்டும் என்று வாரம் ஒரு தலைப்பு கொடுப்பார். மற்றவர்கள் சீக்கிரமே எழுதிக் கொடுத்துவிட்டுத் தென்காசி பேருந்து நிலையத்துக்கு நடந்துவிட்டார்கள். நான் முடிக்கவில்லை. என் தம்பி மாரிராஜ் அடுத்த திங்கட்கிழமைதான் கல்லூரியில் சேரப்போகிறான். அதனால் அதை வெறும் பயிற்சியாக எழுத என்னால் முடியவில்லை.

இலத்தூருக்கு வந்து வீட்டிலும் உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத, இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நான் பி.காம். முடித்தது பெண்கள் கல்லூரியில். அவன் போகப்போவது ஆலங்குளத்தைத் தாண்டியிருக்கிற இருபாலர் கல்லூரி. எனக்குத் தெரிந்தது பாதிதான். பாதி தெரிந்தவள் சொல்லும் அறிவுரை முழுத் தப்பாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். நினைத்தபிறகும் எழுதினேன்.

மாரி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உரக்க வாசித்தான்.

"'முதல் வாரம் முன்பெஞ்சில் உட்காரவும்.' ஏக்கா, நான் அஞ்சே முக்கால் அடி. முன்னால உக்காந்தா பின்னால இருக்கவன் என் முதுகத்தான் படிப்பான்."

"போலே. அடுத்தத வாசி."

"'புரியாததை ஆசிரியரிடம் தயங்காமல் கேட்கவும்.' எல்லாமே புரியலன்னா?"

"அப்ப எங்கிட்ட கேளு."

"உனக்கே புரியாமத்தான ஈவினிங் கிளாசுக்குப் போற."

சிரித்துக்கொண்டே அடுத்ததை வாசித்தவன் நிறுத்திவிட்டான். 'கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு போக வேண்டாம்' என்று எழுதியிருந்தேன்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் ஏழாம் வகுப்பிலிருந்தே மணிக்கட்டில் கயிறு கட்டுவார்கள். கோயிலில் கட்டியது என்று வீட்டில் சொல்வார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் உண்டு. எங்கள் நிறத்தை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாங்கள் எந்தத் தெரு என்பதுவரைக்கும் படிக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். பள்ளியில் ஆசிரியர்கள் கத்தரித்துப் போட்டால் சாயங்காலமே புதிது கட்டிக்கொள்வார்கள். மாரியும் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தான்.

"இதையும் பரீட்சையில எழுதுவியா?" என்று கேட்டான்.

"எழுதுவேன்."

"மார்க்கு போடுவானுவளா?"

"தெரியல."

அவன் கொஞ்ச நேரம் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு முகம் மழிக்கும் பிளேடை எடுத்துவந்து அறுத்தான். வெயில் படாத தோல் மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் போலத் தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, "சாமிக் கயித்த அறுத்துட்டியே, உருப்படுவியா?" என்றாள். "சாமிக்குத் தெரியும்மா நான் யாருன்னு," என்றான் மாரி.

நான் எழுதியதை ஒருவன் உடனே செய்துவிட்டான். அதில் எனக்கு முதலில் வந்தது பெருமைதான்.

வெள்ளிக்கிழமை சங்கிலி அண்ணன் வண்டியில் வந்தான். சங்கிலிப்பாண்டி எங்கள் பெரியப்பா மகன். அதே கல்லூரியில் எம்.ஏ. கடைசி வருடம். போலீஸ் தேர்வில் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறிவிட்டு வேலை ஆர்டருக்குக் காத்திருந்தான். எங்கள் அப்பா ராணுவத்தில் இருப்பதால், வருடத்தில் பத்து மாதம் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை விவகாரமெல்லாம் அவன்தான் பார்ப்பான்.

ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் ஆட்களில் புதிதாகச் சேருகிற பையன்களை சீனியர்கள் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஐந்தருவியில் குளியல், அப்புறம் பிரியாணி, அப்புறம் அறிவுரை. அதைச் சொல்லத்தான் வந்திருந்தான். மாரியை உட்காரவைத்து அறிவுரையை அங்கேயே தொடங்கிவிட்டான்.

"மொத மாசம் தனியா பாத்ரூம் போகாத. நம்ம பயலுவ ரெண்டு பேரு கூட வரணும்."

"அவனுவளுக்கு வரலன்னா?"

"வரலன்னாலும் வருவானுவ. கேண்டீன்ல செவுத்தப் பாத்து உக்காராத, வாசலப் பாத்து உக்காரு. யாரும் எந்த ஊருன்னு கேட்டா ஊரச் சொல்லாத, கையக் காட்டு. கயித்தப் பாத்துட்டு அவனே போயிருவான்." அப்போதுதான் மாரியின் கையைப் பார்த்தான். "கயிறு எங்கலே?"

"கழத்திட்டேம்ணே."

கன்னத்தில் அறை விழுந்தது. சுவரில் இடித்து மாரியின் உதடு கிழிந்துவிட்டது.

"நான்தாண்ணே சொன்னேன்," என்றேன்.

"ஏட்டி அபி, நீ பொம்பளப் பிள்ளைக படிக்கிற காலேஜில படிச்சவ. ஒனக்கு என்ன தெரியும் அங்கன?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்பதுபோலச் சொன்னான். நானும் எனக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். "சண்டன்னு வந்தா எவன் நம்மாளு, எவன் வேத்தாளுன்னு எப்பிடித் தெரியும்? திருவேங்கடத்துல இருந்து பய வாரான், சங்கரன்கோயில்ல இருந்து வாரான். மொகம் தெரியுமா? கயிறுதான் தெரியும். நாளைக்கு நானே கட்டிவிடுதேன்."

அவன் போனபிறகு அம்மா என்னிடம், "நீயும் போ நாளைக்கு. பொம்பளப் பிள்ள நிக்கின்னு தெரிஞ்சா பயலுவ கொஞ்சம் அடங்குவானுவ," என்றாள்.

மாலை வகுப்பில் என்னுடன் படிக்கும் சமீனா கடையநல்லூரிலிருந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். சாரல் நன்றாக விழுந்த நாள். ஐந்தருவியில் வண்டி நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பையன்கள் ஒரு வேனுக்குப் பின்னால் கூடி நின்றார்கள். சங்கிலி அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கயிறுகளை எடுத்துப் புதியவர்களுக்கு ஒவ்வொருவனாகக் கட்டிவிட்டான். மாரியின் முறை வந்தது.

"வேண்டாம்ணே."

"நீட்டுலே."

"வேண்டாம்ணே. நான் கணக்குப் படிக்கத்தான் போறேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சங்கிலி அண்ணன் சிரிக்கவில்லை. "குளிச்சுட்டு வா, பேசிக்கிடுவோம்," என்று பையை முடிச்சுப் போட்டான்.

சமீனா என் காதருகே, "எங்கண்ணன் துபாய்க்குப் போகும்போதுகூட இம்புட்டு அட்வைஸ் யாரும் பண்ணல. இவங்க குளிக்க வந்தாங்களா, எல்லைக்குப் போறாங்களா?" என்றாள்.

அதே சனிக்கிழமை வேறு நிறம் கட்டுகிற எதிர்ப்பக்கத்துச் சீனியர்களும் அவர்களுடைய புதிய பையன்களைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே கல்லூரி, அதே திங்கட்கிழமை. வேறு ஒரு வேனுக்குப் பின்னால் அவர்களும் கயிறு கட்டியிருப்பார்கள். இது எங்கள் யாருக்கும் முன்கூட்டியே தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

பெண்கள் பகுதியில் நனைந்துகொண்டே நான் கம்பித் தடுப்பின் ஓரமாக நின்றேன். ஆண்கள் பக்கம் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் சட்டையில்லாமல் அரைக்கால் சட்டையோடு இருந்தார்கள். தண்ணீர் முகத்தில் அடிக்கும்போது யாரையும் யாரென்று சொல்ல முடியாது. ஒருவன் இன்னொருவன் காலை மிதித்தான் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்த்தது, ஒரு தலை பாறையில் மோதி, விழுகிற தண்ணீர் ஒரு கணம் சிவந்து மறுபடியும் வெள்ளையானதைத்தான்.

அதன்பிறகு எல்லாம் கைகளாகத்தான் தெரிந்தது. ஒருவன் எதிரில் வந்தவனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பான். நிறம் ஒன்றாக இருந்தால் விடுவான், வேறாக இருந்தால் குத்துவான். ஒருவன் எண்ணெய்க் குப்பியைப் படியில் உடைத்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். குடும்பத்தோடு வந்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடினார்கள். அருவிச் சத்தத்தில் எந்த அலறலும் கேட்கவில்லை. வாய்கள் திறந்து மூடுவதுதான் தெரிந்தது.

மாரி சண்டை போடவில்லை. வெளியே வரத்தான் பார்த்தான். எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் அவன் கையைப் பிடித்துத் தூக்கினான். கயிறு இல்லை, அந்த வெள்ளை வளையம் மட்டும் இருந்தது. அவன் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். கயிற்றைக் கழற்றி ஒளித்துக்கொண்டு வந்தவன் என்று முடிவு செய்திருக்க வேண்டும். மாரியின் தலையைக் கம்பியில் மோதினான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து மிதித்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைக்க, மாரி தட்டுத்தடுமாறி எழுந்து படியில் இறங்கினான். எங்கள் ஆட்கள் நின்ற பக்கத்துக்குத்தான் இறங்கினான்.

அங்கே முதலில் நின்றவன் திருவேங்கடத்துப் பையன். மாரியை அவன் பார்த்ததே இல்லை. அவனும் கையைத் தூக்கிப் பார்த்தான். "கயித்த அத்துட்டு ஓடுதான்லே!" என்று கத்தியிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை, அருகில் நின்ற எண்ணெய்க்காரர் பிறகு சொன்னார். மாரி விழுந்தான். வரிசைக்காகக் கட்டியிருந்த மூங்கில் ஒன்றை உருவிக்கொண்டு சங்கிலி அண்ணன் வந்தான்.

நான் கம்பியில் ஏறிவிட்டேன். சமீனா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "மாரி, மாரி" என்று கத்தினேன். முதல் அடி தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கமாக மடங்கியதைப் பார்த்தேன். மாரி முகத்தை நிமிர்த்தினான். அவன் வாய் திறந்தது. 'அண்ணே' என்ற சொல்லுக்கு வாய் எப்படித் திறக்குமோ அப்படித் திறந்தது. இரண்டாவது அடி அதே கையில் விழுந்தது. அதற்கப்புறம்தான் சங்கிலி அண்ணன் மூங்கிலைப் போட்டுவிட்டு மண்டியிட்டான்.

அந்த இரண்டு அடிக்கும் நடுவே அவன் என்ன பார்த்தான், என்ன கேட்டான் என்பதை நான் அன்றிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தெரிந்தே அடித்தான் என்று சொல்ல முடியவில்லை. தெரியாமல் அடித்தான் என்றும் சொல்ல முடியவில்லை.

தென்காசி அரசு மருத்துவமனையில் நெற்றியில் தையல் போட்டார்கள். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. வலியில் மாரி படுக்கையின் இரும்புச் சட்டத்தைக் கடித்தான். அம்மா அவன் கால்மாட்டில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

மறுநாள் காலையில் சங்கிலி அண்ணன் வந்தான். கண் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறான். பையிலிருந்து கயிற்றை எடுத்து, மாரியின் முறியாத கையைப் பிடித்தான்.

"இது இருந்திருந்தா நான் அடிச்சிருப்பனா மாரி? சொல்லு. நேத்தே கட்டிருந்தா இப்ப வீட்டுல இருந்திருப்ப."

மாரி கையை இழுத்துக்கொண்டான். "நீ அடிச்சதுக்கு நான் கட்டணுமாண்ணே?"

"எஸ்.ஐ. வருவாரு. அவனுவ அடிச்சானுவன்னு சொல்லு. மூணு பேரு பேரு தாரேன். எம் பேரு வந்துச்சுன்னா எனக்கு ஆர்டர் வராது, தெரியும்லா?"

"அவனுவளும் அடிச்சானுவ."

"அத மட்டும் சொல்லு."

அவன் போனதும் அம்மா, "பெரியப்பா மவன்லே. நாளைக்கு எனக்குக் கொள்ளி போடுததுக்கும் கூட நிப்பான். அவன் பேர எடுக்காத," என்றாள். மாரி கண்ணை மூடிக்கொண்டான். எதிர்ப்பக்கத்தை மட்டும் சொன்னால் அடுத்த வாரம் அவர்கள் கல்லூரியில் அவனைத் தேடுவார்கள். அவனுக்குத் துணையாக எங்கள் ஆட்கள் பாத்ரூம் வரை வருவார்கள். கயிறு கட்டாமலே கட்டியவன் ஆகிவிடுவான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். "யாருப்பா அடிச்சது?"

"ரெண்டு பக்கமும் அடிச்சாங்க சார்."

"அதெப்படி? நீ எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்ல சார். அதான் ரெண்டு பேரும் அடிச்சாங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ பாத்தியாம்மா?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். நகம் பதிந்தது. என் அறிவுரையால்தான் இவன் இங்கே கிடக்கிறான், இனி நான் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன். கம்பியில் மோதியவன், மிதித்தவர்கள், திருவேங்கடத்துப் பையன். பிறகு, "கைய முறிச்சது எங்க பெரியப்பா மகன் சங்கிலிப்பாண்டி. மூங்கில் கம்பால ரெண்டு அடி," என்றேன்.

"ஆளு தெரிஞ்சு அடிச்சானா?"

"மொத அடி தெரியாம சார். ரெண்டாவது எனக்குத் தெரியல. மாரி வாயத் தொறந்து கூப்பிட்டத மட்டும் பாத்தேன்."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அன்று மதியம் சோற்றுக்கு அம்மாவும் நானும் வீட்டுக்கு வந்திருந்தோம். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சங்கிலி அண்ணன் கதவை மிதித்துத் திறந்தான். என் முடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது.

"எட்டு வருசம் ஓடுனேன்டி! காலைல நாலு மணிக்கு எந்திச்சு ஓடுனேன்! ஒத்த வாக்குல முடிச்சுட்டியே!"

மறுபடியும் மோதினான். வாயில் ரத்தம் உப்பாக இறங்கியது. பல் ஒன்று நாக்கில் கிடந்தது. மூன்றாவது முறை தலையைப் பின்னால் இழுத்தபோது அவன்தான் அலறினான். அம்மா கொதிக்கிற கஞ்சியைப் பானையோடு அவன் காலில் வீசியிருந்தாள். அவன் துள்ளி விழுந்து, முற்றத்தில் உருண்டு எழுந்தான்.

"ஆர்டர் போச்சுன்னா அழுவு. எம் பிள்ளய தொட்டன்னா அரிவாமணைய எடுப்பேன். போலே வெளிய!" என்றாள் அம்மா. காலையில் அவன் பேரை எடுக்காதே என்றவளும் அவள்தான். அவன் நொண்டிக்கொண்டே போனான். அம்மா தரையில் சிந்திய சோற்றை வழித்துக்கொண்டே அழுதாள். எனக்காகவா, அவனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

வழக்கு இரண்டு பக்கத்தின் மேலும் பதிவானது. சங்கிலி அண்ணனைப் பெரியப்பாவே கொண்டுபோய் ஒப்படைத்தார். அதன்பிறகு எங்கள் தெருவில் எங்களோடு யாரும் பேசவில்லை. ஒருநாள் காலையில் வாசலில் செத்த நாய் ஒன்று கிடந்தது. அப்பா காஷ்மீரிலிருந்து போன் செய்து, "ஒரு வருசம் கழிச்சுச் சேத்துக்கிடலாம்," என்றார்.

மாரி ஒப்பவில்லை. "ஒரு வருசம் கழிச்சுப் போனா பயந்தவன்னு சொல்லுவானுவ. பயந்துட்டேன்தான். அதுக்காக ஒரு வருசத்த விடணுமா?"

ஒரு வாரம் தள்ளி, அடுத்த திங்கட்கிழமை புறப்பட்டான். கழுத்தில் தூளி, அதில் கட்டுப் போட்ட வலது கை. இடது கையில் ஒன்றுமில்லை. போகலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. நல்லவேளை, கேட்கவில்லை. நானும் கூடப் போய்த் தென்காசியில் அவனோடு பேருந்தில் ஏறினேன்.

உட்கார இடமில்லை. ஊர் எல்லையைத் தாண்டியதும் நான்கு பையன்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் மணிக்கட்டுகளில் இரண்டு நிறமும் இருந்தது. அன்று அருவியில் அடித்துக்கொண்டவர்கள் இன்று ஒரே வேலையாகச் சேர்ந்து நின்றார்கள். ஒருவன் மாவுக்கட்டை விரல் முட்டியால் தட்டினான், கதவைத் தட்டுவதுபோல.

"உள்ள என்ன கலருலே?"

"எலும்பு இருக்கு."

"எலும்பு என்ன கலரு?"

"வெள்ள. எல்லாவனுக்கும் அதான்."

"வாயப் பாத்தியா! போலீசுக்குக் காட்டிக் குடுத்த வாய்லா?" என்றான் இன்னொருவன். கூட்டத்தில் இடிபடுவதுபோல முழங்கையால் கட்டின்மேல் ஓங்கி இடித்தான்.

மாரியின் முகம் சாம்பலாக வெளுத்தது. நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனேன். அதற்குள் இன்னொரு இடி விழுந்தது. மாரி கத்தவில்லை. குனிந்தான். காலையில் தின்ற இட்லியும் காபியும் மொத்தமாக வெளியே வந்தது, இடித்தவனின் புதுச் சட்டைமேல்.

"ஐய, ஐய்யே! என் சட்டலே!"

நால்வரும் ஆளுக்கொரு பக்கம் துள்ளினார்கள். நடத்துநர் கத்த, பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். அவனைச் சுற்றி ஓர் ஆள் தூரத்துக்கு இடம் காலியானது. மாரி மெதுவாக ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் அருகில் உட்கார்ந்து துப்பட்டாவால் அவன் வாயைத் துடைத்தேன்.

இடித்தவன் தூரத்தில் நின்று சட்டையை உதறிக்கொண்டே, "நாளைக்கு இருக்குலே உனக்கு," என்றான்.

"நாளைக்கும் இதே பஸ்லதான் வருவேன்," என்றான் மாரி. குரல் நடுங்கியது. அவன் அதை மறைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏக்கா, பாவூர்ச்சத்திரத்துல எறங்கிரு," என்றான்.

"எதுக்குலே? இவனுவ இருக்கானுவ."

"இவனுவ அடிக்கத்தான் செய்வானுவ. அக்காவக் கூட்டிட்டு காலேஜுக்கு வந்தாம்னு தெரிஞ்சா கிளாஸ்ல இருக்குத மத்தவனுவளும் கேலி பண்ணுவானுவ. எறங்குக்கா."

இறங்குவது சரியா என்று யோசிக்க நேரமில்லை. பேருந்து நின்றது. அவன் முழங்காலால் என்னை மெல்லத் தள்ளினான். இறங்கினேன். ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. வண்டி ஆலங்குளம் சாலையில் திரும்பி மறையும்வரை நின்றேன். பிறகு வாந்தி படிந்த துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு, தென்காசிக்குப் போகிற பேருந்துக்காகச் சாலையைக் கடந்தேன்.